குளிர்நாட்டில் ஆளற்ற இல்லம்

நம் முன்னோர் ஓராண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதாக வகுத்தனர். அவற்றுள் இரண்டு பனிக்கே உரியன. ஆயினும், நாம் பனி எனக் கூறுவது பெரும்பாலும் புல்நுனியில் நின்று ஞாயிறு கண்டவுடன் மறையும் துளியையே. வீட்டுக் குழாயில் நிற்கும் நீர் கல்லென இறுகும் காலத்தை நம் சமவெளி அறியாது. கனடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்திலோ, தைத்திங்கள் இரவில் வெப்பநிலை சுழிக்குக் கீழ் 20 டிகிரி செண்டிகிரேடு வரை இறங்குதலும் உண்டு. அங்குக் குடியேறி வாழும் தமிழர் பல்லாயிரவர். அவருட் சிலர் மார்கழி, தை மாதங்களில் வீட்டைப் பூட்டித் தாயகம் வருவர். ஆதலின், அத்தகைய வீட்டைக் குளிர்காலத்திற்கு ஆயத்தஞ் செய்யும் முறையையும், அதன் காரணத்தையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

பெரும்பாலான பொருள்கள் குளிரச் சுருங்குவன. நீரோ 4 டிகிரி வரை சுருங்கி, அதற்குக் கீழ் விரியத் தொடங்கும். பனிக்கட்டி ஆகுங்கால் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கும். குழாயில் ஓரிடத்து நீர் உறைந்து அடைப்பாயின், அவ்வடைப்பிற்கும் மூடிய குழாய்வாய்க்கும் இடையே அகப்பட்ட நீர் போக்கிடமின்றி நெருக்குண்ணும். அந்நெருக்கம் பொறாது குழாய் பிளக்கும். ஆதலாற்றான், பிளவு பலகாலும் கட்டி நின்ற இடத்தில் அன்றி வேறிடத்தே காணப்படுகின்றது. பிளந்த அன்று கேடு வெளிப்படாது. கட்டியே தடையாய் நிற்கும். அது உருகிய பின்னரே நீர் பாயும். ஆள் இருப்பின் உடனே நிறுத்துவர். ஆளற்ற வீட்டிலோ தரையும் சுவரும் நூல்களும் நாட்கணக்காக ஊறிக் கெடும்.

இக்கேட்டைத் தடுக்கும் வழிகள் இரண்டு. ஒன்று, வீட்டை வெப்பமாக வைத்தல். மற்றொன்று, வீட்டினின்றும் நீரை அகற்றுதல்.

முதல் வழியைக் கொள்வோர், கணப்புப் பொறியை ஏறக்குறைய 13 டிகிரியில் நிறுத்திச் செல்வர். தொட்டிகளுக்குக் கீழுள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்து வைப்பர். வெப்பக்காற்று குழாயைச் சார்தற் பொருட்டு. இது எளிது, எனினும் மின்சாரத்தை நம்பியது. 2021-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் டெக்சாஸ் மாகாணத்தைக் கடுங்குளிர் தாக்கியபொழுது, மின்சாரம் தடைப்பட்டுப் பல இலட்சம் வீடுகள் வெப்பம் இழந்தன. எங்கும் குழாய்கள் பிளந்தன. இருநூற்றுக்கு மேற்பட்டோர் உயிர் நீத்தனர். மக்கள் குடியிருந்த வீடுகளுக்கே இந்நிலை எனின், பூட்டிய வீட்டிற்குக் கூறவும் வேண்டுமோ?

எனவே, நெடுநாள் நீங்குவோர்க்கு இரண்டாம் வழியே சிறந்ததென்பது எம் கருத்து. முதற்கண், ஊர்க்குழாய் வீட்டினுட் புகும் இடத்துள்ள தலைவாயை அடைத்தல் வேண்டும். அடுத்து, வெந்நீர்க் கொப்பரைக்குச் செல்லும் மின்சாரத்தை நிறுத்திய பின்னரே அதன் நீரை வடித்தல் வேண்டும். நீரின்றி மின்சாரம் பாயின் உள்ளிருக்கும் சூட்டுக்கம்பி எரிந்து போம். பின்னர், மேன்மாடம் தொடங்கி நிலவறை ஈறாக எல்லாக் குழாய்வாய்களையும் திறந்து விடுக. மேலுள்ளவற்றை ஏன் திறத்தல் வேண்டும்? இளநீரில் ஒரு சிறு துளை மட்டும் இட்டுக் கவிழ்த்தால் நீர் எளிதில் ஒழுகாமை நாம் அறிந்ததே. காற்று உட்புக இடமிருந்தாலன்றோ நீர் வெளிப்படும்? கழிப்பறைத் தொட்டியையும் இவ்வாறே வெறுமை செய்தல் வேண்டும்.

இனி, முற்றும் வெறுமை செய்யலாகாத இடம் ஒன்றுண்டு. கழுவு தொட்டியின் கீழே வளைந்து செல்லும் குழாயில் சிறிது நீர் எப்பொழுதும் தங்கும். சாக்கடையின் தீநாற்றம் வீட்டினுள் ஏறாவண்ணம் தடுக்கும் காவலாளி அதுவே. அதனை அகற்றின் நாற்றம் புகும். விட்டுவைப்பின் நீர் உறையும். ஆகலின், உறைதலைத் தடுக்கும் புரோப்பிலீன் கிளைக்கால் கலந்த நீர்மத்தை அங்கு ஊற்றுவர். மோட்டார் வண்டிகளிற் பெரிதும் வழங்கும் எத்திலீன் கிளைக்காலோ கொடிய நஞ்சு. அதனை இதற்குப் பயன்படுத்தலாகாது.

இவையெல்லாஞ் செய்தும், அயலார் ஒருவரிடம் திறவுகோலை ஒப்புவித்துச் செல்லுதல் நன்று. கனடாவில் இன்ஷ்யூரன்ஸ் பத்திரங்கள் பலவற்றில், குளிர்காலத்தே நான்கு நாட்களுக்கு மேல் வீட்டை விட்டு நீங்குவோர், நாடோறும் ஒருவர் வந்து பார்க்க ஏற்பாடு செய்தல் அல்லது நீரை அடைத்து வடித்தல் வேண்டும் என்னும் நிபந்தனை உண்டு. அதனை மீறின் நஷ்டத்தொகை கிடைப்பது அரிது. பல்லாண்டு உழைத்துக் கடன்பட்டு வாங்கிய இல்லம் ஒரு குழாயின் பிளவாற் பாழாகவும், ஈடும் கிடையாமற் போகவும் கூடும்.

கோடையில் நீர் வற்றுமோ என்று அஞ்சி வாழ்வோர் நாம். நிறைந்த குடமே நமக்கு நல்வீட்டின் அடையாளம். குளிர்நாட்டில், ஆளற்ற வீட்டிற்கு வெறுங்குழாயே காவல். நம் மாணவருள் அந்நாடு செல்வோர், புறப்படுமுன் பெட்டியைக் கட்டுவதோடு அமையாது, குழாயையும் வடித்துச் செல்வாராக.