எந்தக் கோரையை நடலாம்?



எங்கள் வீட்டுக் குழாயடி எப்போதும் சேறாகவே கிடக்கும். உரம் போடாமல், வெட்டிவிடாமல் தரையை அழகாக மூடும் செடி ஒன்றை நட நினைத்தேன். வரப்பில் பச்சைப்பசேல் என்று நின்ற கோரையைப் பிடுங்கி வந்து நட்டேன். மூன்றே மாதத்தில் அது அப்பத்தாவின் கத்தரிப் பாத்திக்குள் புகுந்துவிட்டது.

"ஏப்பா, கோரையப் போயி யாராச்சும் நட்டு வைப்பாகளா? இது காலத்துக்கும் போகாதேப்பா!" என்றார் அப்பத்தா. கொத்தக் கொத்த அதிகமானது. கடைசியில் அந்தப் பாத்தியையே விட்டுவிட்டோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அறிவியல் ஆசிரியரிடம் கேட்டேன். அவர் சொல்லித் தெரிந்துகொண்டவை:

1. கோரை புல் இனம் அல்ல, தனிக் குடும்பம். தண்டை விரலால் உருட்டினால் பெரும்பாலும் மூன்று முனை தட்டுப்படும். நெல், அருகம்புல் தண்டுகளில் கணு இருக்கும். பத்தமடைப் பாய்க் கோரையும், எகிப்தியர் அந்தக் காலத்தில் எழுதப் பயன்படுத்திய பாப்பிரஸும் கோரைக் குடும்பமே.

2. நான் நட்டது சைபெரஸ் ரொட்டண்டஸ். இதன் கிழங்குகள் மண்ணுக்குள் பாசிமணி மாதிரி சரமாக இருக்கும். கொத்தினால் சரம் அறுந்து, ஒவ்வொரு கிழங்கும் தனிச்செடியாக முளைக்கும். நலங்கு மாவுக்கு ஆகும், தோட்டத்துக்கு ஆகாது.

3. நடுவதற்கு ஏற்றது சைபெரஸ் இன்வலூக்ரேட்டஸ். தண்டின் உச்சியில் இலைகள் குடை மாதிரி விரியும். கிழங்குச் சரம் கிடையாது, தூராக வளரும். ஈரம் இருந்தால் போதும்.

செய்முறை: குடைத் தலையை ஒரு சாண் தண்டோடு வெட்டுங்கள். இலைகளைப் பாதியாக நறுக்கி, தண்ணீரில் தலைகீழாக வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வேர் விடும். கொசு முட்டையிடாமல் இருக்க மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். பிறகு ஒரு முழ இடைவெளியில் நடுங்கள். காய்ந்த தண்டுகளை மட்டும் அறுத்துவிட்டால் போதும்.

எச்சரிக்கை: காய்ந்த இடத்தில் இது வராது. வாய்க்கால் ஓரத்தில் நடவே கூடாது, பரவி அடைத்துவிடும். 1895-இல் திறந்த பெரியாறு அணையின் தண்ணீரை நம்பித்தான் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது.

இப்போது எங்கள் குழாயடியில் சேறு இல்லை. "இது நல்ல பிள்ளையா இருக்கு" என்று அப்பத்தாவே சொல்லிவிட்டார். ஆனால் கத்தரிப் பாத்தியில் இன்னும் ஞாயிறுதோறும் கிழங்கு பொறுக்குகிறேன்.

நடும் முன் வேரைத் தோண்டிப் பாருங்கள் நண்பர்களே! கன்று வேண்டுவோர் என்னிடம் கேளுங்கள்.



– 9-ஆம் வகுப்பு மாணவன்