சீனிப் பானங்களுக்கு வரி: வாங்குவோர் என்ன செய்கின்றனர்?

சோடா, கோலா, பழச்சுவைப் பானம் ஆகியவற்றுக்கு வரி விதிக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு மறுப்புகள் கேட்கின்றன. "விலை கூடினாலும் குடிக்கிறவன் குடிக்கத்தான் செய்வான்" என்பது ஒன்று. "இந்த வரி ஏழையின் சட்டைப்பையிலிருந்துதான் போகும்" என்பது மற்றது. இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாயின் இதைவிடக் கொடிய வரி வேறு இருக்க முடியாது. ஏழை நோயையும் சுமப்பான், வரியையும் சுமப்பான். ஆகவே இவ்விடயத்தை ஊகத்துக்கு விடாமல், வரி விதித்த நாடொன்றில் மக்கள் உண்மையில் எதை வாங்கினார்கள் என்று பார்ப்பது நல்லது. அதற்கு மெக்சிக்கோவின் அனுபவம் மிகவும் பொருத்தமானது.

மெக்சிக்கோ மக்கள் சோளத்தையும் அவரையையும் உண்டு வளர்ந்தவர்கள். ஆயினும் கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் மென்பானம் அவர்களுடைய அன்றாடச் சாப்பாட்டோடு சேர்ந்துகொண்டது. ஆளுக்கு ஆள் கணக்கிட்டால் உலகிலேயே மிகக் கூடுதலாகச் சோடா குடிக்கும் நாடுகளுள் அதுவும் ஒன்று. நீரிழிவு அங்கு மரணத்தின் முதன்மைக் காரணங்களில் ஒன்றாயிற்று. வரிக்கான முயற்சி நடந்த காலத்தில் நுகர்வோர் அமைப்புகள் தலைநகரில் பெரிய விளம்பரங்களை வைத்தன. 600 மில்லிலீற்றர் சோடாப் போத்தல் ஒன்றின் பக்கத்தில் 12 தேக்கரண்டி சீனியைக் காட்டி, இதை அப்படியே அள்ளிச் சாப்பிடுவீர்களா என்று அவை கேட்டன. புள்ளிவிபரங்கள் நிறைந்த அறிக்கைகளைவிட இந்தக் கேள்வி மக்களிடம் நன்றாகப் போய்ச் சேர்ந்தது என்றே நாம் நினைக்கிறோம்.

சுகாதாரத் தரப்பினர் லீற்றருக்கு 2 பெசோ கேட்டனர். நாடாளுமன்றம் 1 பெசோவுக்கு இணங்கியது. 2014 ஜனவரி 1 முதல் வரி நடைமுறைக்கு வந்தது. அது விலையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. இந்த வரியைக் கடைக்காரர் அறவிடுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உற்பத்தியாளரும் இறக்குமதியாளருமே அதைச் செலுத்துகின்றனர். அவர்கள் அதைத் தம் இலாபத்திலிருந்து கொடுப்பார்களா, விலையில் ஏற்றுவார்களா என்பது அவர்கள் கையில் இருந்தது. நகரங்களில் பெரும்பாலும் முழுவதையும் விலையில் ஏற்றினார்கள். கிராமங்களில் அந்தளவுக்கு ஏறவில்லை.

இனி அளவிடும் முறை. போன வருடம் நூறு போத்தல் விற்றது, இந்த வருடம் தொண்ணூற்று நாலு விற்றது, ஆகவே வரி வேலை செய்தது என்று சொல்லிவிட முடியாது. இந்த வருடம் மழை கூடியிருக்கலாம், கூலி குறைந்திருக்கலாம், அல்லது சோடாவின் மீதிருந்த ஆசை வரிக்கு முன்பே தணியத் தொடங்கியிருக்கலாம். ஆய்வாளர்கள் 50,000 பேருக்கு மேல் வாழும் 53 நகரங்களில், தாம் வாங்குபவற்றைப் பதிவுசெய்து வந்த ஆறாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களின் கணக்கை எடுத்தார்கள். வரிக்கு முந்திய இரண்டு வருடங்களின் போக்கைக் கொண்டு, வரி இல்லாதிருந்தால் 2014இல் எவ்வளவு வாங்கியிருப்பார்கள் என்று மதிப்பிட்டார்கள். உண்மையில் வாங்கியதை அதனோடு ஒப்பிட்டார்கள்.

வரிக்குட்பட்ட பானங்களின் கொள்வனவு அந்த வருடம் சராசரியாக 6 சதவீதம் குறைந்தது. வருடத் தொடக்கத்தில் வீழ்ச்சி சிறிதாக இருந்து, டிசம்பரில் 12 சதவீதமாயிற்று. வறிய குடும்பங்களில் சராசரி 9 சதவீதம், டிசம்பரில் 17 சதவீதம். இரண்டாம் வருடத்தில் மக்கள் பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிடுவார்கள் என்று சிலர் எதிர்பார்த்தனர். ஆனால் 2015இல் எல்லாக் குடும்பங்களுக்குமான வீழ்ச்சி 9.7 சதவீதமாகக் கூடியது.

குடிக்கிறவன் குடிக்கத்தான் செய்வான் என்ற முதலாவது மறுப்பு இங்கே விழுந்துவிடுகிறது. விலை கூடியபோது கூடுதலாகக் குறைத்தவர்கள் ஏழைகளே. கையில் காசு குறைந்தவருக்கு ஒரு பெசோவும் பெரிதாகத் தெரிவது இயல்புதானே.

இரண்டாவது மறுப்பை அப்படி எளிதில் தள்ளிவிட முடியாது. குறைத்தவர் நோயிலிருந்தும் வரியிலிருந்தும் ஓரளவு தப்பினார். குறைக்காதவர்? நாளொன்றுக்கு ஒரு லீற்றர் வாங்கிக்கொண்டே இருந்த குடும்பம் வருடத்துக்கு 365 பெசோ வரி கொடுத்தது. 2014இல் மெக்சிக்கோ நகரில் குறைந்தபட்ச நாட்கூலி 67 பெசோ. ஐந்து நாட்களுக்கு மேற்பட்ட உழைப்பு வரியாகப் போயிற்று என்பது பொருள். அந்தப் பணம் ஏழைகளின் நீருக்கோ மருந்துக்கோ என்று தனியே ஒதுக்கப்படாமல் பொதுத் திறைசேரியில் சேர்ந்தது. பாடசாலைகளுக்குக் குடிநீர் வசதி செய்துதரப்படும் என்ற பேச்சு வரியோடு கூடவே எழுந்தது. வரி அறவிடுவதில் இருந்த வேகம் குழாய் பதிப்பதில் இருக்கவில்லை.

நீரின் கதைதான் இதில் முக்கியமானது. சோடாவைக் குறைத்தவர்கள் அதற்குப் பதிலாக வாங்கியது பெரும்பாலும் போத்தல் தண்ணீர். வரியில்லாப் பானங்களின் கொள்வனவு 4 சதவீதம் கூடியது. குழாய் நீரை நம்பிக் குடிக்க முடியாத நாட்டில் மக்கள் வேறு என்ன செய்வார்கள்? சோடா விற்ற நிறுவனங்களே அந்தத் தண்ணீரையும் விற்றன என்பது இன்னொரு வேடிக்கை. தெற்கே சியாப்பாஸ் மலைநாட்டில் மாயா இனமக்கள் வாழும் ஊர்களில் நிலைமை இன்னும் கடினம். பல வீடுகளுக்கு ஒழுங்கான நீர் வருவதில்லை. மூலைமுடுக்கெல்லாம் கோலா கிடைக்கிறது. சான் உவான் சாமுலா என்ற ஊரில் தேவாலயத்தில் நடக்கும் சடங்குகளிலும் கோலாப் போத்தல் இடம்பெற்றுவிட்டது. அங்கே ஒரு பெசோ வரியால் என்ன மாற்றம் வந்தது என்பதை மேற்சொன்ன ஆய்வு சொல்லாது. அது நகரங்களை மட்டுமே எண்ணியது.

குறைந்த அளவையும் நாம் மிகைப்படுத்தக் கூடாது. 2014இல் நகரவாசி ஒருவர் வாங்காமல் விட்டது சராசரியாக 4.2 லீற்றர். கோலாவின் கணக்கில் பார்த்தால் அதிலுள்ள சீனி அரைக் கிலோவுக்கும் குறைவு. நீரிழிவை விரட்ட இது போதாது. ஆனால் சராசரி என்பது நிறையக் குடிப்பவரையும் தொடாதவரையும் ஒன்றாகச் சேர்த்த கணக்கு என்பதையும் மறக்கலாகாது.

மெக்சிக்கோ வரி லீற்றரை அளந்தது. பானத்தில் எவ்வளவு சீனி என்று பார்க்கவில்லை. ஆகவே உற்பத்தியாளர் சீனியைக் குறைத்தாலும் அவருக்கு வரியில் சலுகை கிடைக்கவில்லை. பிரித்தானியா வேறு வழியில் சென்றது. அங்கே 2016 மார்ச்சில் வரி அறிவிக்கப்பட்டு, 2018 ஏப்ரல் 6 அன்றுதான் தொடங்கியது. 100 மில்லிலீற்றரில் 5 கிறாமுக்குக் குறைவாகச் சீனி இருந்தால் வரி இல்லை. தொடக்கத்தில் 5 முதல் 8 கிறாம் வரை லீற்றருக்கு 18 பென்ஸ், அதற்கு மேல் 24 பென்ஸ் என்று இருந்தது. இரண்டு வருட அவகாசத்தில் நிறுவனங்கள் தங்கள் கலவைகளை மாற்றிக்கொண்டன. 5 கிறாம் எல்லைக்கு மேலிருந்த பானங்கள் 2015இல் 49 சதவீதம். 2019 தொடக்கத்தில் 15 சதவீதம். வரி தொடங்கி ஒரு வருடத்தின் பின் பார்த்தபோது மக்கள் வாங்கிய மென்பானத்தின் அளவு குறையவே இல்லை. ஆனால் அதனோடு வீட்டுக்குப் போன சீனி, வீடொன்றுக்கு வாரத்தில் சுமார் 30 கிறாம் குறைந்திருந்தது. வாங்குபவர் பழக்கத்தை மாற்றவில்லை, விற்பவர் பொருளை மாற்றினார். சீனிக்குப் பதிலாகச் செயற்கை இனிப்பு பல பானங்களில் சேர்ந்தது. குழந்தையின் நாக்கு இனிப்புக்குப் பழகுவது அதனால் நிற்கப் போவதில்லை.

வரிக்கு ஓர் எல்லையும் உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் 2017இல் வரி விதித்தபோது நகருக்குள் விற்பனை பாதியாக வீழ்ந்தது. ஆனால் அதில் ஏறத்தாழக் கால் பங்கு நகர எல்லைக்கு அப்பாலுள்ள கடைகளுக்கு இடம்பெயர்ந்திருந்தது. டென்மார்க் மக்கள் எல்லை கடந்து ஜேர்மனியில் வாங்கிவந்தார்கள். நெடுங்காலம் இருந்த மென்பான வரியை டென்மார்க் 2014இல் நீக்கிவிட்டது.

கடல் சூழ்ந்த எமது நாட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. இங்கே 2016 ஓகஸ்டிலிருந்து மென்பானப் போத்தல்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் இடப்படுகிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிறாமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிறாமுக்குக் குறைந்தால் பச்சை. 2017 நவம்பரில் ஒரு கிறாம் சீனிக்கு 50 சதம் என்று வரி வந்தது. லீற்றரை விட்டுச் சீனியை அளந்த வரி இது. 400 மில்லிலீற்றர் போத்தலில் 44 கிறாம் சீனி இருந்தால் வரி 22 ரூபா. பின்னர் இந்த வீதங்கள் மாற்றப்பட்டன.

ஆனால் எமது கிராமத்தவர் உட்கொள்ளும் சீனியில் எவ்வளவு சோடாப் போத்தலில் வருகிறது? காலையிலும் மாலையிலும் குடிக்கும் தேநீரில் போடும் சீனிக்கு மென்பான வரி கிடையாது. சீனியின் மீதான இறக்குமதித் தீர்வையோ வேறொரு பாடம் தருகிறது. 2020 ஒக்டோபரில் கிலோவுக்கு 50 ரூபாவாக இருந்த தீர்வை 25 சதமாகக் குறைக்கப்பட்டது. கடையில் விலை அதற்கேற்ப இறங்கவில்லை. 2023 நவம்பரில் தீர்வை மீண்டும் 50 ரூபாவானபோது விலை உடனே ஏறியது. ஏறுவதற்குத் தெரிந்த வழி இறங்குவதற்குத் தெரிவதில்லை.

எமது ஊரின் நிலையை அறிய விரும்பும் மாதர் சங்கமோ இளைஞர் கழகமோ இதைச் செய்து பார்க்கலாம். சந்திக்கடைக்காரரின் சம்மதத்துடன் ஒரு மாதம் நாள்தோறும் விற்ற சோடாப் போத்தல்களையும், விற்ற சீனிக் கிலோக்களையும், தண்ணீர்ப் போத்தல்களையும் ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். பெருநாள், கோயில் திருவிழா, விளையாட்டுப் போட்டி உள்ள மாதத்தை விட்டுவிடுங்கள். விலை கூடிய பின் அதே கணக்கை மறுபடி எடுங்கள். யார் வாங்கினார், கடனுக்கா காசுக்கா என்ற விபரமும் இருந்தால் நல்லது. பெயர்கள் வேண்டாம். கூடவே, பாடசாலைக்கு மிகக் கிட்டிய நல்ல கிணறு எத்தனை யார் தூரம், மிகக் கிட்டிய சோடாக் கடை எத்தனை யார் தூரம் என்பதையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.