கடல் இறங்கும் நேரம்

பாண்டுப்புக்குக் கிழக்கே தானே காடி இருக்கிறது. காடி என்பது கடலின் கிளை. பம்பிங் ஸ்டேஷன் பக்கம் குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். தண்ணீர் வற்றியதும் சேற்றில் இறங்கி மேயும். தண்ணீர் ஏறினால் இடம் மாறிவிடும். அவற்றிடம் கடிகாரம் இல்லை. ஆனாலும் கடலின் நேரம் தெரியும்.

நமக்கும் தெரிய வேண்டாமா?

பெரும்பாலும் ஒரு நாளில் கடல் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை இறங்கும். ஏறுவதை மராத்தியில் பர்த்தி என்பார்கள். இறங்குவது ஓஹோட்டி. பெரிய பர்த்தியில் ஹாஜி அலி தர்காவின் நடைபாதை மூழ்கிவிடும். நீர் வடியும்வரை ஜனங்கள் காத்திருப்பார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் அதிகம் ஏறும், அதிகம் இறங்கும். அந்த நாட்களில் மும்பையில் காலை, மாலை 6 மணி வாக்கில் கடல் நன்றாக இறங்கியிருக்கும்.

அப்போது பாந்த்ரா கார்ட்டர் ரோடு கரையைப் பாருங்கள். கறுப்புப் பாறைகள் வெளியே தெரியும். பாறைக் குழிகளில் கடல் நீர் தேங்கி நிற்கும். ஒவ்வொரு குழியும் ஒரு சின்ன ஊர்!

அங்கே சங்கு நண்டு இருக்கும். அதன் பின்உடல் மெத்தென்று இருக்கும். அதனால் காலிச் சங்கில் குடியிருக்கும். வளர்ந்தால் பெரிய சங்கு தேடும். நாம் சாலில் அறை மாறுவது போலத்தான். வாடகை மட்டும் கிடையாது. காலிச் சங்கை நாம் எடுத்து வந்தால் அதற்கு வீடு இல்லை.

பூப்போல விரிந்திருக்கும் கடல் சாமந்தியும் ஒரு பிராணிதான். பவளமும் உண்டு. நகரத்துச் சாக்கடை சேரும் கடலில் பவளமா என்று பலர் நம்புவதில்லை. கடலோரச் சாலைக்காக 2020இல் ஹாஜி அலி, வொர்லி பாறைகளிலிருந்து பவளங்களைப் பெயர்த்து வேறு இடத்தில் வைத்தார்கள்.

எதையும் தொடாதீர்கள். கூம்புச் சங்குகளுக்கு விஷம் உண்டு. பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பி பாதத்தைக் கிழிக்கும். செருப்பைக் கழற்ற வேண்டாம்.

நீர் ஏறும்போது முன்னால் மட்டும் வராது. பள்ளங்கள் வழியே பின்னாலும் சூழும். நிற்கும் பாறை தீவாகிவிடும். மழைக்காலத்தில் பாறைப் பக்கமே போகக் கூடாது. 2023 ஜூலையில் பாந்த்ரா பேண்ட்ஸ்டாண்டில் ஒரு தம்பதி பாறையில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். பெரிய அலை வந்தது. கணவர் பிழைத்தார். மனைவியை அலை கொண்டுபோய்விட்டது.

பேப்பரிலோ பிள்ளைகளின் போனிலோ கடலின் நேரம் கிடைக்கும். ஓர் எடுத்துக்காட்டு:

பர்த்தி 11.50 – 4.4 மீட்டர்
ஓஹோட்டி 17.55 – 0.9 மீட்டர்

17இல் 12 போனால் 5. ஆக, மாலை 5.55க்கு நீர் மிகவும் இறங்கியிருக்கும். 5 மணிக்குப் போகலாம். 5.55க்குக் கரை ஏறிவிட வேண்டும். அதன்பின் நீர் திரும்பும், இருட்டும் வரும்.

தனியாகப் போக வேண்டாம். 2017இல் தொடங்கிய ‘மெரைன் லைஃப் ஆஃப் மும்பை’ குழுவினர் மக்களைக் கூட்டிப்போய் இந்த உயிர்களைக் காட்டியிருக்கிறார்கள்.

பயிற்சி
1. அடுத்த பௌர்ணமி என்றைக்கு? காலண்டரைப் பார்த்து எழுதுங்கள்.
2. அன்று ஓஹோட்டி எத்தனை மணிக்கு? எத்தனை மீட்டர்?
3. கடலின் நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். மறுநாள் ஓஹோட்டி எத்தனை மணிக்கு வரும்?