பெயரும் பொருளும்

நுழையும்முன்

ஒரு நிரலுக்கு வேண்டிய துணைகளை அதனை எழுதும்பொழுதே குறித்துவிடுவது பொதுவழக்கம். நிரல் இயங்கத் தொடங்கிய பின்னரே எத்துணை தேவை என்பது தெரியவருமாயின் என் செய்வது? பைத்தான் மொழி காட்டும் வழியை இப்பாடம் விளக்குகிறது.

சொல்லா, பொருளா?

‘தேன் இனிக்கும்’ என்னும் தொடரில் ‘தேன்’ பொருளைக் குறிக்கிறது. ‘தேன் ஈரெழுத்துச் சொல்’ என்பதில் அச்சொல்லையே குறிக்கிறது. நிரல்மொழியிலும் இவ்வேறுபாடு உண்டு. பைத்தானில், தனிக்கோப்பாகத் தொகுக்கப்பெற்ற நிரற்பகுதி ‘மாட்யூல்’ எனப்படும். ‘இம்போர்ட்’ கட்டளையை அடுத்துவரும் சொல்லை அம்மொழி மாட்யூலின் பெயராகவே கொள்ளும். ‘துணை’ என்னும் மாறியில் ‘ஜேசான்’ என்னும் சரத்தை இட்டு, ‘இம்போர்ட் துணை’ என எழுதினால் ஜேசான் வாராது. ‘துணை’ என்னும் பெயருடைய மாட்யூலே தேடப்படும். அது கிடைக்காவிடில் பிழை தோன்றும்.

பெயர்வழி அழைத்தல்

இத்தடையை நீக்குவது ‘இம்போர்ட்லிப்’. 2009ஆம் ஆண்டு வெளியான பைத்தான் 3.1 பதிப்பில் இடம்பெற்ற இதன் ‘இம்போர்ட்_மாட்யூல்’ செயற்கூறு, சரமாகத் தரப்படும் பெயருக்குரிய மாட்யூலைக் கொணர்ந்து தரும். தரவுக்கோப்பு சி.எஸ்.வி. வகையா, ஜேசான் வகையா என்பதை அறிந்தபின், அதற்குரிய மாட்யூலை மட்டும் அழைத்துக்கொள்ளலாம். ஜாங்கோ என்னும் வலைச்செயலிக் கட்டமைப்பு, அமைப்புக்கோப்பில் சரங்களாகப் பட்டியலிடப்பட்ட செயலிகளை இம்முறையிலேயே ஏற்றுகிறது.

தெரிந்து தெளிவோம்

ஒருமுறை ஏற்றப்பட்ட மாட்யூல் ‘சிஸ்.மாட்யூல்ஸ்’ என்னும் பதிவில் இடம்பெறும். மீண்டும் அழைக்கும்பொழுது கோப்பு மறுபடி இயங்குவதில்லை. பதிவில் உள்ளதே வழங்கப்படும்.

காப்பும் கடமையும்

நெகிழ்ச்சி மிகுந்த இடத்தில் விழிப்பும் மிகுதல் வேண்டும். ஒரு மாட்யூல் முதன்முறை ஏற்றப்படும்பொழுது அதன் மேல்நிலைக் கட்டளைகள் அனைத்தும் இயங்குகின்றன. ஆதலின், பயனர் தட்டச்சிடும் பெயரை அப்படியே செயற்கூற்றுக்குத் தருவது, எந்நிரல் இயங்கவேண்டும் என்னும் உரிமையை அவரிடமே ஒப்படைப்பதாகும். ஏற்கத்தக்க பெயர்களை முன்னரே பட்டியலிட்டு, அதில் உள்ளதை மட்டும் அழைப்பதே பாதுகாப்பு. மேலும், கோப்பின் தொடக்கத்தில் உள்ள ‘இம்போர்ட்’ வரிகள் நிரல் சார்ந்திருப்பவற்றைப் படிப்போர்க்கு வெளிப்படையாகக் காட்டும்; சரத்துள் மறைந்த பெயர் அவ்வாறு காட்டாது. எனவே, தேவை உள்ளவிடத்தே மட்டும் இம்முறையைக் கையாள்வது நன்று.

கற்பவை கற்றபின்

1. பெயர் பொருளையும் சொல்லையும் குறிக்கும் தொடர்களுக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் தருக.
2. பயனர் தரும் பெயரைப் பட்டியலோடு ஒப்பிட்ட பின்னரே மாட்யூலை அழைப்பது ஏன்? விளக்குக.