அகெராட்டம்: வெறுமண்ணில் வளரும் களை

பூனாகலைச் சரிவுகளிலே, தேயிலைச் செடிகளின் இடைவெளியிலும், கான்கரையிலும், லயத்தின் பின்னேயுள்ள காய்கறிப் பாத்தியிலும் ஒரு பூண்டைக் காணாதார் இரார். முழந்தாளளவு உயரம், மென்மயிர் படர்ந்த தண்டும் இலையும், நுனியில் வெண்மையும் இளநீலமுமான பூங்கொத்து. இலையைக் கசக்கினால் கிடாய் நாற்றம் வீசும். சிங்கள அயலவர் இதனை ஹுலந்தல என்பர். தாவர நூலில் இதன் பெயர் அகெராட்டம் கொனிசொயிடெஸ். அமெரிக்காவின் வெப்பப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட இது, சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது.

ஆண்டுதோறும் வெட்டியும் இக்களை ஒழியாதிருப்பது ஏன்? நாம் வெட்டும் முறையே அதற்கு ஒரு காரணமாகும்.

வாழ்க்கை வரலாறு

அகெராட்டம் ஓராண்டுப் பூண்டு. முளைத்து இரண்டு மாதம் நிறையுமுன் பூத்துவிடும். நாம் ஒரு பூவென்று எண்ணுவது, உண்மையில் பல நுண்பூக்கள் நெருங்கி அமைந்த தலையாகும். நுண்பூ ஒவ்வொன்றும் ஒரு கரிய விதையைத் தரவல்லது. நன்கு வளர்ந்த ஒரு செடி 40,000 விதைகள் வரை ஈனும் எனக் கணக்கிட்டுள்ளனர். விதையின் நீளம் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர். அதன் தலையிலுள்ள கூரிய செதில்களின் துணையால் அது காற்றிலே செல்லும். ஆடையிலும் ஆட்டு மயிரிலும் ஒட்டும். மழைநீரோடு கான் வழியே கீழ்மலைக்கும் இறங்கும்.

சுரண்டியால் வரும் கேடு

இவ்விதை முளைப்பதற்கு ஈரத்தோடு வெளிச்சமும் வேண்டும். மண்ணுள் ஆழப் புதைந்த விதை உறங்கிக் கிடக்கும். மேலே வந்ததும் விழித்துக்கொள்ளும். சுரண்டியால் நிலத்தை வழிக்கும்போது, நின்ற செடியை அழித்து, புதைந்திருந்த விதையை வெளிச்சத்துக்குக் கொணர்கிறோம். ஐப்பசி முதல் தை வரை ஊவாவில் பெய்யும் பெருமழை, இளகிய மேல்மண்ணை அடித்துச் செல்லும். களை மீண்டும் வரும். ஓடிய மண் மீண்டு வாராது. மலைநிலத்தின் மண்ணரிப்பைத் தடுக்கவே 1951ஆம் ஆண்டில் மண்பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது என்பதை நினைவிற் கொள்க.

காய்கறிப் பாத்திக்கும் இக்களை பகையாகும். வேர்முடிச்சு வட்டப்புழுவும், வெள்ளை ஈ பரப்பும் சில நச்சுயிரிகளும் இதில் தங்கியிருந்து பயிர்களுக்குத் தாவக்கூடும்.

செய்ய வேண்டுவன

1. பூக்குமுன் பிடுங்குக. மழை பெய்து மண் ஈரமாயிருக்கும்போது வேரோடு எளிதில் வரும்.

2. சுரண்டியைத் தவிர்க்க. கையால் பிடுங்க இயலாத இடத்தில், மண்ணைக் கிளறாது கத்தியால் நிலமட்டத்தில் அரிக.

3. புளியாரை, வல்லாரை முதலிய, நிலத்தோடு படரும் மெல்லிய பூண்டுகளைத் தேயிலையிடையே விட்டுவைக்க. அவை மண்ணைக் காத்து, விதைக்கு வெளிச்சம் படாது மறைக்கும்.

4. கவ்வாத்துக்குப் பின் வெயில் நேரே நிலத்தில் விழுவதால், அக்காலமே களைக்கு வாய்ப்பானது. தடித்த கொம்புகளை விறகுக்கு எடுத்தாலும், இலையையும் இளங்கொப்பையும் நிலத்திலேயே பரப்புக. இளந்தேயிலையில் மானாப் புல்லையோ குவாத்தமாலாப் புல்லையோ வெட்டி மூடுக.

5. பூத்த செடியைக் கான்கரையில் எறியற்க. குழியில் இட்டு ஆழப் புதைக்க.

6. மாட்டுக்கோ ஆட்டுக்கோ இதனைத் தீனியாக அளிக்கற்க. கல்லீரலுக்கு ஊறு விளைக்கும் பொருள்கள் இதில் உள்ளன.

அன்பர்களே, இதனை நீங்களே சோதித்துப் பாருங்கள். வீட்டுத்தோட்டத்தில் மேடுபள்ளமில்லாத இடத்தில் இரு சிறு பாத்திகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்றைச் சுரண்டி வெறுமையாக விடுங்கள். மற்றதில் களையைக் கையால் பிடுங்கி, இலைதழையால் மூடுங்கள். இரண்டு மாதத்தின் பின் இரண்டிலும் முளைத்த களைகளை எண்ணுங்கள். எம்முறை உங்கள் உழைப்பை மிச்சப்படுத்துகிறது என்பதை அந்த எண்ணிக்கையே காட்டும்.