கூலியா? பங்கா?

நுழையும்முன்

பணத்தைக் கையாளும் திறன் ஏட்டைப் படிப்பதால் மட்டும் வருவதன்று. கையில் பணத்தை வைத்துப் பழகும்போதே அது கைவரும். அப்பணம் பிள்ளைகளின் கைக்கு எவ்வழியில் வர வேண்டும்? வீட்டு வேலை செய்தால் பணம் என்று பெற்றோர் ஏற்பாடு செய்வது சரியா? சிறிதாகத் தோன்றும் இவ்வினா, உழைப்பின் மதிப்பு, குடும்ப உறவு, ஆண் பெண் சமன்மை ஆகியவற்றைத் தொட்டு நிற்கிறது. அதனை ஆராய்கிறது இப்பாடம்.

ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். அண்ணன் பதினொன்றாம் வகுப்பிலும் தங்கை எட்டாம் வகுப்பிலும் படிக்கின்றனர். கோடை விடுமுறையில் தந்தை ஒரு பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டுகிறார். இருசக்கர வண்டியைக் கழுவினால் 20 ரூபாய்; மளிகைக் கடைக்குச் சென்று வந்தால் 10 ரூபாய்; மொட்டைமாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியைக் கழுவினால் 30 ரூபாய். அண்ணன் அந்த மாதத்தில் எட்டு முறை வண்டியைக் கழுவினான். பன்னிரண்டு முறை கடைக்குச் சென்றான். நான்கு முறை தொட்டியைக் கழுவினான். மாத முடிவில் அவன் கையில் 400 ரூபாய் சேர்ந்தது. அவன் அதனைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தான். தந்தை மகிழ்ந்தார்.

அடுத்த மாதம் தாய் காய்ச்சலால் படுத்திருந்தார். “கடைக்குப் போய் மாத்திரை வாங்கி வா” என்றார். “இதற்கு எவ்வளவு அம்மா?” என்று மகன் கேட்டான். அதே நாள் மாலையில் தங்கை ஒரு கேள்வி கேட்டாள். “நான் நாள்தோறும் பாத்திரம் துலக்குகிறேன், துணி மடித்து வைக்கிறேன், வாசல் தெளிக்கிறேன். என் வேலைகள் ஏன் பட்டியலில் இல்லை?”

இவ்விரு கேள்விகளுக்கும் தந்தையிடம் விடையில்லை. மூன்றாவது கேள்வி ஒன்றும் அவ்வீட்டில் இருந்தது. அதனை யாரும் கேட்கவில்லை. விடியற்காலை முதல் இரவு வரை தாய் செய்யும் வேலைக்கு எவ்வளவு?

பணம் கொடுப்போர் கூறும் காரணங்கள்

வீட்டு வேலைக்குப் பணம் கொடுக்கும் பெற்றோரைக் குறைகூறுதல் எளிது. ஆயினும் அவர்தம் நோக்கம் நல்லதே. கேட்டவுடன் பணம் கிடைக்கும் வீட்டில் வளரும் பிள்ளை, பணத்துக்குப் பின்னால் உழைப்பு இருப்பதை அறிவதில்லை. தானே ஈட்டிய 50 ரூபாயைச் செலவிடும்போது, அப்பொருள் தேவைதானா என்று ஒரு முறைக்கு இரு முறை எண்ணிப் பார்ப்பான். சிறு தொகையில் செய்யும் பிழை சிறு இழப்போடு முடியும். விரும்பிய பொருளுக்காக மூன்று மாதம் காத்திருக்கப் பழகியவர், பின்னாளில் கடன் வாங்கி அதனை வாங்க அவசரப்பட மாட்டார். இவை யாவும் ஏற்கத்தக்க கருத்துகள். பிள்ளைகளுக்குப் பணப் பழக்கம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. அதனை வீட்டு வேலையோடு பிணைக்க வேண்டுமா என்பதே ஆய்வுக்குரியது.

ஊதியம் மனத்தை மாற்றும் விதம்

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மழலையர் பள்ளியில் நடந்த ஆய்வு ஒன்று 1973ஆம் ஆண்டு வெளியாயிற்று. படம் வரைவதில் இயல்பாகவே ஆர்வமுள்ள குழந்தைகள் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். முதற்பிரிவினரிடம், படம் வரைந்தால் பரிசுச் சான்று உண்டு என்று முன்னரே கூறப்பட்டது. இரண்டாம் பிரிவினருக்கு எதிர்பாராத வகையில் அச்சான்று கொடுக்கப்பட்டது. மூன்றாம் பிரிவினருக்கு எதுவும் கொடுக்கப்படவில்லை. சில நாள் கழித்துப் பார்த்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் படம் வரைவதில் செலவிட்ட நேரம், மற்ற இரு பிரிவினர் செலவிட்டதில் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றோரின் ஆர்வம் குறையவில்லை. எனவே ஆர்வத்தைக் குறைத்தது பரிசு அன்று. ‘இது செய்தால் அது கிடைக்கும்’ என்னும் ஒப்பந்தமே.

படம் வரைவது விருப்பச் செயல். பாத்திரம் துலக்குவதில் யாருக்கு விருப்பம் இருக்கிறது என்று ஒருவர் மறுக்கலாம். அம்மறுப்பில் பொருளுண்டு. விருப்பத்தால் அன்றிக் கடமையால் செய்யும் செயலில் பணம் புகுந்தால் என்ன நேரும் என்பதை இசுரேலின் ஹைஃபா நகரத்துக் குழந்தைகள் காப்பகங்களில் நடந்த ஆய்வு காட்டுகிறது. அதன் முடிவுகள் 2000ஆம் ஆண்டு வெளியாயின. மாலையில் குழந்தையை அழைத்துச் செல்லக் காலந்தாழ்ந்து வரும் பெற்றோருக்குச் சில காப்பகங்கள் தண்டத்தொகை விதித்தன. தாமதம் குறையும் என்று எதிர்பார்த்தனர். ஆனால் அது கூடிற்று. முன்பு ‘ஆசிரியரைக் காக்க வைக்கிறோமே’ என்று கூசிய பெற்றோர், தண்டத்தொகையைத் தாமதத்துக்கான விலையாகக் கருதத் தொடங்கினர். பின்னர்த் தண்டத்தொகையை நீக்கிய போதும் பழைய நிலை திரும்பவில்லை.

கடமைக்கு ஒரு விலை குறிக்கப்பட்டால், அவ்விலை வேண்டாம் என்று கூறும் உரிமையும் உடன் வந்துவிடுகிறது. ‘20 ரூபாயும் வேண்டாம், வண்டியும் கழுவ மாட்டேன்’ என்று மகன் கூறினால், தந்தையின் பட்டியல்படி அதில் தவறில்லை. மாத்திரை வாங்கிவர விலை கேட்டவன் கொடியவன் அல்லன்; தனக்குக் கற்பிக்கப்பட்ட கணக்கைச் சரியாகவே கற்றுக்கொண்டவன்.

விலை எழுதப்படாத உழைப்பு

தங்கையின் கேள்வி இதனினும் ஆழமானது. பட்டியலில் இருந்தவை வண்டி, கடை, தொட்டி ஆகியன. அவை எப்போதாவது செய்யும் வேலைகள். பெரும்பாலும் ஆண்பிள்ளைகளிடம் ஒப்படைக்கப்படுபவை. நாள்தோறும் செய்தே ஆகவேண்டிய சமையலும் துப்புரவும் பட்டியலில் இடம்பெறவில்லை. அவை ‘வேலை’ என்ற கணக்கிலேயே வரவில்லை.

நாடு முழுவதும் இந்நிலையே காணப்படுகிறது. இந்திய அரசு 2019ஆம் ஆண்டு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக்கு மேற்பட்டோர் ஒரு நாளை எவ்வாறு செலவிடுகின்றனர் என்பது பதிவு செய்யப்பட்டது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் பெண்களுள் 81.2 விழுக்காட்டினர் ஈடுபட்டனர்; ஆண்களுள் 26.1 விழுக்காட்டினரே ஈடுபட்டனர். அவ்வாறு ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். 299 நிமிடம் என்பது ஏறத்தாழ ஐந்து மணி நேரம்.

இவ்வுழைப்பை ஏற்று மதிப்பது எவ்வாறு? தமிழ்நாட்டில் இதற்கு இரு சான்றுகள் உள்ளன. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் திட்டத்தின் கீழ், தகுதியுடைய குடும்பத் தலைவியர்க்கு மாதந்தோறும் 1000 ரூபாய் வழங்கப்படுகிறது. அத்தொகைக்கு இடப்பட்ட பெயர் உதவித்தொகை என்பதன்று, கூலி என்பதுமன்று, உரிமைத்தொகை என்பதாகும். அதே ஆண்டு ஜூன் மாதம் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. கணவர் வெளிநாட்டில் பொருளீட்ட, மனைவி வீட்டையும் பிள்ளைகளையும் காத்துவந்த குடும்பத்தின் வழக்கு அது. மனைவியின் இல்லப் பணியும் சொத்துச் சேர்வதற்குப் பங்களித்துள்ளது. ஆகவே அச்சொத்தில் அவருக்குச் சமபங்கு உண்டு என்று நீதிமன்றம் கூறியது. இத்தனை ஆண்டுக்கு இத்தனை ரூபாய் கூலி என்று அது கணக்கிடவில்லை, பங்கு என்றது.

கூலி பெறுபவர் வேலை முடிந்ததும் விலகிச் செல்லலாம். பங்குடையவர் அவ்வாறு செல்வதில்லை. அவருக்குப் பொறுப்பும் உண்டு, உரிமையும் உண்டு. வீட்டில் பிள்ளைகளின் இடம் இவ்விரண்டில் எது? பிள்ளை வீட்டில் கூலியாள் அன்று, பங்காளர். உண்ட தட்டைக் கழுவுவதும், தான் துயின்ற பாயைச் சுருட்டுவதும், நோயுற்ற தாய்க்கு மாத்திரை வாங்கி வருவதும் பங்காளரின் பொறுப்புகள். அவற்றுக்கு விலை குறித்தலாகாது.

பணம் பழகும் வழிகள்

அவ்வாறாயின் பிள்ளைகள் பணத்தைப் பழகுவது எவ்வாறு? பொறுப்பு உண்டு என்றால் உரிமையும் உண்டு. குடும்ப வருவாயில் சிறு பகுதி கைச்செலவுத் தொகையாகப் பிள்ளைகளுக்கு வருவது அவ்வுரிமையின் பாற்பட்டது. மாதந்தோறும் குறித்த நாளில், மகன் மகள் என்ற வேறுபாடின்றி, அவரவர் வயதுக்கேற்பக் கொடுக்கலாம். இடையில் தீர்ந்துவிட்டால் மீண்டும் கொடுத்தலாகாது. தீர்ந்துபோன பணமே நல்லாசிரியர்.

வழக்கமாக வெளியாருக்குக் கூலி கொடுத்துச் செய்யும் வேலைகளைப் பிள்ளைகள் செய்ய முன்வந்தால், அக்கூலியை அவர்களுக்குக் கொடுப்பதில் தவறில்லை. சுற்றுச்சுவருக்கு வெள்ளையடித்தல் ஓர் எடுத்துக்காட்டு. அது வீட்டின் அன்றாடப் பொறுப்பு அன்று. தனியே ஒப்புக்கொண்ட பணி. அங்கு விலை பேசலாம். வேலை சரியில்லை என்றால் தொகையைக் குறைக்கவும் செய்யலாம்.

இவற்றினும் பயன்மிக்க வழி, குடும்பச் செலவினங்களுள் ஒன்றைப் பிள்ளைகளின் பொறுப்பில் விடுவதாகும். மின்கட்டணத்தைக் கருதலாம். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு ஒருமுறை மின்பயன்பாடு கணக்கிடப்படுகிறது. முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணமில்லை. அதற்குமேல் பயன்பாடு கூடக் கூடக் கட்டண வீதமும் படிப்படியாக உயர்கிறது. மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த குறைந்த வீதமும் நீங்கிவிடும். ஆகவே 500ஆவது யூனிட்டுக்கும் 501ஆவது யூனிட்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு யூனிட்டின் விலை மட்டுமன்று. வாரந்தோறும் மின்னளவியைப் பார்த்துக் குறித்துவரும் மாணவர், இதனை எந்தப் பாடநூலும் கற்பிக்காத அளவுக்குத் தெளிவாகக் கற்றுக்கொள்வார்.

தெரிந்து தெளிவோம்

1924ஆம் ஆண்டு இத்தாலியின் மிலான் நகரில் நடந்த பன்னாட்டுச் சேமிப்பு மாநாட்டின் விளைவாக உலகச் சிக்கன நாள் தோன்றியது. இந்தியாவில் அது அக்டோபர் 30 அன்று கடைப்பிடிக்கப்படுகிறது.

பத்து வயது நிறைந்த சிறார், தம் பெயரில் சேமிப்புக் கணக்கைத் தாமே இயக்க வங்கிகள் இடமளிக்கலாம் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2014இல் அறிவித்தது.

குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டது. அதன்படி 14 வயது நிறையாதோரைப் பணியில் அமர்த்துதல் குற்றமாகும். பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும், தீங்கு தராத குடும்ப வேலைகளில் பிள்ளைகள் உதவுவதை அச்சட்டம் தடுக்கவில்லை.

இல்லாமையிலும் ஒரு பாடம்

கைச்செலவுக்குப் பணம் கொடுக்க இயலாத வீடுகள் பல. பெற்றோரின் கூலியே நாளுக்கு நாள் மாறும் வீட்டில், பிள்ளைகளுக்கு மாதத்தொகை என்பது கனவே. விடுமுறையில் கடையிலோ வயலிலோ வேலை பார்த்து, அப்பணத்தை வீட்டுக்குக் கொடுக்கும் மாணவரும் உளர். அவர்களுக்கு உழைப்பின் அருமையை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

அத்தகைய வீட்டிலும் பணப் பாடத்துக்கு இடமுண்டு. அதற்குச் செலவு ஏதுமில்லை. வீட்டின் வரவையும் செலவையும் கடனையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் கூறுவதே அப்பாடம். வாங்கிய கடனுக்கு மாதந்தோறும் எவ்வளவு வட்டி போகிறது, அடகு வைத்த நகையை மீட்க எத்தனை மாதமாகும், பள்ளி திறக்கும் ஜூன் மாதச் செலவுக்கு எப்போது முதல் சேர்க்க வேண்டும் என்று பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து கணக்கிடலாம். குடும்பக் கணக்கை அறிந்த பிள்ளை, கேட்கும் முன்பே எதனைக் கேட்கலாம், எதனைக் கேட்கலாகாது என்று உணரும். கணக்கில் பங்கு பெறுவதும் ஒரு பங்கே.

மீண்டும் அந்த வீடு

முதலில் கண்ட வீட்டில் தந்தை பழைய பட்டியலை எடுத்துவிட்டார். நால்வரும் அமர்ந்து வீட்டில் நடைபெறும் எல்லா வேலைகளையும் எழுதினர். ஒவ்வொன்றின் எதிரிலும் அதனைச் செய்பவர் பெயரைக் குறித்தனர். விலை எதுவும் எழுதவில்லை. எழுதி முடித்தபோது தாயின் பெயர் இருபத்து மூன்று இடங்களில் இருந்தது. தந்தையின் பெயர் நான்கு இடங்களிலும், தங்கையின் பெயர் ஆறு இடங்களிலும், அண்ணனின் பெயர் மூன்று இடங்களிலும் இருந்தன. அதுவரை யாரும் அதனை எண்ணிப் பார்த்ததில்லை. அண்ணன் எழுதுகோலை எடுத்து, இரவு உணவுக்குப் பின் பாத்திரம் துலக்குதல் என்பதன் எதிரில் இருந்த தங்கையின் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரையும் எழுதினான். தாயின் பெயர் இருந்த சில இடங்களில் தந்தை தம் பெயரை எழுதினார். பிள்ளைகள் இருவருக்கும் மாதந்தோறும் கைச்செலவுத் தொகை கொடுப்பது என்றும், மின்கட்டணக் கணக்கை அண்ணனும் பால் கணக்கைத் தங்கையும் பார்ப்பது என்றும் அன்று முடிவாயிற்று.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் ஒரு நாள் நடைபெறும் வேலைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் செய்பவர் யார், அதற்கு ஆகும் நேரம் எவ்வளவு என எழுதி வகுப்பில் கலந்துரையாடுக.

2. இரு மாதங்களுக்கு வாரந்தோறும் மின்னளவியின் அளவைக் குறித்து, கட்டணத்தை முன்கூட்டியே கணக்கிட்டு, வந்த கட்டணத்தோடு ஒப்பிடுக.

சிறுவினா

1. ஹைஃபா காப்பகங்களில் தண்டத்தொகை விதித்த பின் தாமதம் கூடியது ஏன்?

2. ‘கூலி’, ‘பங்கு’ ஆகிய சொற்களின் வேறுபாட்டைப் பாடப்பகுதி வழி விளக்குக.

நெடுவினா

‘வீட்டு வேலைக்குப் பிள்ளைகளுக்குப் பணம் கொடுக்கலாம்’ என்னும் கருத்தை ஏற்றோ மறுத்தோ உம் கருத்தைச் சான்றுகளுடன் நிறுவுக.