கிழங்குத் தண்ணிக்கும் ஐ.நா.வுக்கும் என்ன சம்பந்தம்?

நைனார்பாளையம் தொடங்கி கல்வராயன் மலை வரைக்கும் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) விவசாயிகளிடம் பேச்சுக் கொடுத்தால், பேச்சு இரண்டு இடத்தில் வந்து நிற்கும். ஒன்று பாயிண்ட். கிழங்கில் எவ்வளவு மாவுச்சத்து என்று ஆலையில் சோதித்து அதற்கேற்பப் போடுகிற விலை. இன்னொன்று நாற்றம். அரவை நடக்கும் மாதங்களில், ஜவ்வரிசி ஆலை இருக்கும் ஊருக்கு வழி தெரியாதவர்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடலாம்.

இந்த ஊர்களில் போய் "நீடித்த வளர்ச்சி", "தூய்மை உற்பத்தி" என்றால் சிரிக்கிறார்கள். வியன்னாவிலும் பாரிஸிலும் உட்கார்ந்து பேசுகிறவர்களின் வேலை அது என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்போடு ஒட்டிக்கொண்டிருக்கும் இன்னும் சிலவற்றையும் சேர்த்துப் பார்ப்போம்.

நம்பிக்கை: கிழங்குத் தண்ணியில் கெமிக்கலா இருக்கிறது? வெறும் மாவுதானே!

உண்மை: மாவுதான் சிக்கலே. கிழங்கைக் கழுவத் தண்ணீர், அரைத்த கூழைச் சலிக்கத் தண்ணீர். சலித்து வந்த மாவுப்பாலைத் தொட்டியில் தெளியவிட்டு மேல்நீரை வடித்துவிடுவார்கள். அந்த மேல்நீரில் படியாத மாவும் கரைந்த சர்க்கரையும் போகின்றன. ஓடையில் விழுந்ததும் நுண்ணுயிர்களுக்கு விருந்து. அவை தின்று பெருக, தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் வேண்டும். எவ்வளவு வேண்டும் என்ற கணக்குக்குப் பெயர்தான் பி.ஓ.டி. ஆறு, ஓடையில் விடும் கழிவுநீருக்குப் பொது விதி லிட்டருக்கு 30 மில்லிகிராம், பாசனத்துக்கு விடுவதென்றால் 100. வீட்டுச் சாக்கடையில் இது சில நூறு இருக்கும். சுத்திகரிக்காத கிழங்கு ஆலை நீரில் பல ஆயிரம். ஆக்சிஜன் தீர்ந்ததும் மீன் சாகும். பிறகு காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் வேலையை எடுத்துக்கொள்ளும். அந்த அழுகிய முட்டை நாற்றம் அவற்றின் கைவேலை.

கெமிக்கலும் இல்லாமலில்லை. பச்சை மரவள்ளித் தழையைத் தின்ற மாடு வயிறு உப்பித் துடிப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இலையிலும் கிழங்கிலும் லினாமரின் என்ற பொருள் இருக்கிறது. அரைபடும்போது அதிலிருந்து சயனைடு பிரிந்து தண்ணீரோடு போகிறது. வறுத்துக் காயவைத்த ஜவ்வரிசியில் சூட்டில் ஆவியாகிவிடுவதால் அதைச் சாப்பிடப் பயப்பட வேண்டாம். தண்ணீரைக் குடிக்கிற ஆடு மாட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

நம்பிக்கை: நீடித்த வளர்ச்சி வெளிநாட்டுக்காரர்கள் மாநாட்டுப் பேச்சு, நம்மை ஒன்றும் கட்டுப்படுத்தாது.

உண்மை: முதலில், வெளிநாடு வேண்டாம் என்றால் கிழங்கையே விட்டுவிட வேண்டும். மரவள்ளி தென் அமெரிக்கப் பயிர். இரண்டாம் உலகப் போரில் மலாயாவிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றதால்தான் 1940களில் சேலத்தில் மரவள்ளி மாவில் ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள்.

சட்டத்துக்கு வருவோம். 1972இல் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. நடத்திய சுற்றுச்சூழல் மாநாட்டில் இந்திரா காந்தி பேசினார். நம் 1981ஆம் ஆண்டுக் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தின் முகவுரையிலேயே அந்த மாநாடு பேர் சொல்லி வருகிறது. 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம், வேலூர்ப் பகுதித் தோல் ஆலைகள் பாலாற்றைக் கெடுத்த வழக்கில், நீடித்த வளர்ச்சி என்ற கோட்பாடு நம் சட்டத்தின் ஒரு பகுதி என்று தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில்தான். மாநாட்டுப் பேச்சு இந்தியா முழுமைக்குமான தீர்ப்பாக மாறியது பாலாற்றங்கரை மக்கள் போட்ட வழக்கில்.

நம்பிக்கை: தூய்மை உற்பத்தி என்றால் கடைசியில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்டுவது. சின்ன ஆலைக்கு அது கட்டுப்படியாகாது.

உண்மை: இதுதான் எல்லாவற்றிலும் பெரிய குழப்பம். 1989இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் இந்தச் சொல்லைக் கையில் எடுத்ததே, குழாயின் கடைசி முனையில் கட்டுவது போதாது என்று சொல்லத்தான். கழிவு எங்கே பிறக்கிறதோ அங்கேயே குறைப்பதுதான் தூய்மை உற்பத்தி. சிந்திய பாலைத் துடைக்க நல்ல துணி தேடுவதைவிட, பாலைச் சிந்தாமல் ஊற்றலாம்.

கிழங்கு ஆலையில் இது எப்படி? விவசாயியிடம் பாயிண்ட் பார்த்துக் காசு கொடுத்து வாங்கிய மாவில் ஒரு பங்கு மேல்நீரோடு ஓடையில் போகிறது. ஊருக்கு நாற்றமாக வருவதும் ஆலைக்கு நட்டமாக வருவதும் ஒரே மாவு. கடைசிக் கட்டத்தில் மட்டும் நல்ல தண்ணீர் விட்டு, அங்கே வடிந்ததை அதற்கு முந்தைய கட்டத்துக்கும், அங்கே வடிந்ததைக் கிழங்கு கழுவுவதற்கும் திருப்பிவிட்டால் போர்வெல் ஓடும் நேரம் குறையும். தொட்டியில் மணிக்கணக்காகத் தெளியவிடாமல் சுழல் இயந்திரத்தில் மாவைப் பிரித்தால் மேல்நீரோடு போகும் மாவு குறையும், புளிப்பதும் குறையும். சலித்த பிறகு மிஞ்சும் சக்கையான திப்பியை நன்றாகப் பிழிந்தால் மாட்டுத் தீவனமாக விற்கச் சீக்கிரம் காயும்.

சின்ன ஆலைகளுக்கு இது ஆகுமா என்ற கேள்வியை வியன்னாவில் இருக்கும் ஐ.நா. தொழில் வளர்ச்சி அமைப்பும் கேட்டது. 1993இல் இந்தியாவில் 'டிசையர்' என்ற பெயரில் சிறு காகித ஆலைகள், சாயப் பட்டறைகள், பூச்சிமருந்து கலக்கும் ஆலைகளை எடுத்துச் சோதித்தார்கள். கசிவை அடைப்பது, அளந்து ஊற்றுவது, ஒரே நீரை மறுபடி பயன்படுத்துவது என்று செலவு குறைந்த வேலைகளே கணிசமாகக் கை கொடுத்தன. கூட்டாளியாக நின்றது நம் தேசிய உற்பத்தித்திறன் குழு. அங்கேயே 1995இல் தேசியத் தூய்மை உற்பத்தி மையமும் வந்தது. டெல்லியில் இருக்கும் அந்த மையம் சின்னசேலம் வரை எட்டியதா என்றால், போதுமான அளவுக்கு இல்லை என்பதுதான் என் கருத்து. ஆங்கிலக் கையேடு வந்தது, அரவைக்காரருக்குப் புரிகிற தமிழில் வரவில்லை.

நம்பிக்கை: பயோகேஸ் பிளான்ட் போட்டுவிட்டால் போதும், கார்பன் காசும் கொட்டும்.

உண்மை: பாதி சரி. கழிவுநீரை மூடிய கலனில் புளிக்கவிட்டால் மீத்தேன் கிடைக்கும். அதே நீரைத் திறந்த குட்டையில் விட்டால் மீத்தேன் வானத்துக்குப் போகும். நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு சூடேற்றும். பிடித்து எரித்தால் ஜவ்வரிசி வறுக்க விறகு மிச்சம். சேலம், நாமக்கல், கள்ளக்குறிச்சிப் பகுதி ஆலைகள் பலவும் இதைச் செய்கின்றன, நல்லது. ஆனால் வாயு எடுத்த பிறகும் அந்த நீர் ஓடையில் விடத் தகுந்ததல்ல. மேலும் சுத்திகரிக்க வேண்டும். அதோடு, வாயு கிடைக்கிறதே என்று மாவைத் தண்ணீரில் தாராளமாக விடுவது நெல்லைப் போட்டு அடுப்பெரிக்கிற கதை.

கார்பன் காசு? தடுத்த வாயுவுக்குக் கிடைக்கும் சான்றை விற்று வருவது அது. கியோட்டோ ஒப்பந்தத்தின்கீழ் கரூர் காகிதபுரத்தில் டி.என்.பி.எல். காகித ஆலை, கரும்புச் சக்கை கழுவிய நீரிலிருந்து மீத்தேன் எடுக்கும் திட்டத்தைப் பதிவு செய்தது. ஆனால் அந்தக் கார்பன் சான்றின் சந்தை விலை 2012 முடிவதற்குள் ஒரு யூரோவுக்கும் கீழே விழுந்தது. அதை நம்பிக் கணக்குப் போட்டவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். மிச்சமான விறகு மட்டும் இன்றும் மிச்சம்தான்.

நம்பிக்கை: ஜவ்வரிசி எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு சுத்தம்.

உண்மை: இதை ஆலைக்காரர் நம்புவதில்லை. வாங்குகிற நாம்தான் நம்புகிறோம். கிழங்கைத் தோலோடு அரைத்தால் மாவு மங்கும். மங்கிய சரக்குக்கு ஏலத்தில் விலை குறையும். அதனால் வெளுக்கும் இரசாயனம் உள்ளே வருகிறது. உணவுப் பாதுகாப்புத் துறையினர் சேலத்து ஆலைகளிடம் தோலை நீக்கிவிட்டு அரைக்கச் சொல்வது இதற்காகத்தான். தோல் சீவினால் வெளுப்பான் வேண்டாம், அதைக் கழுவிவிடத் தண்ணீரும் வேண்டாம், அந்தத் தண்ணீர் ஓடைக்கும் போகாது. ஐ.நா. கையேடுகள் பக்கம் பக்கமாகச் சொல்வதை இந்த ஒரு வேலை செய்துவிடுகிறது.

2015இல் ஐ.நா. ஏற்ற 17 இலக்குகளில் 12ஆவது பொறுப்பான உற்பத்தியோடு நுகர்வையும் சேர்த்தே சொல்கிறது. சேலம் ஜவ்வரிசி 2023இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. இனி மளிகைக் கடையில் பாயசத்துக்கு வாங்கும்போது, பளீர் வெள்ளைப் பாக்கெட்டை ஒதுக்கிவிட்டு, சற்று மங்கலாக இருப்பதை எடுத்துக் கொடுங்கள் என்று கேளுங்கள்.